விசரும் உளநோயும்: தென்மராட்சியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் 'விசர்' என்னுஞ் சொல் ஏச்சாகவும் செல்லக் கண்டிப்பாகவும் நாள்தோறும் வழங்குவது. ஆயின், ஒரு வீட்டில் உண்மையாகவே ஒருவருக்கு உளம் நோயுற்றால், அவ்வீட்டார் அச்சொல்லை வாய்விட்டுச் சொல்லார். இம்மௌனத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

ஆங்கிலேயர் 1873 ஆம் ஆண்டில் இயற்றிய பித்தர் கட்டளைச் சட்டம், உளநோயை வைத்தியருக்கு முன்னதாக நீதிமன்றத்துக்கு உரிய விடயமாக்கிற்று. குற்றஞ் செய்யாத ஒருவர் விசாரணைக்குட்பட்டே வைத்தியசாலையை அடைந்தார். கொழும்புக்கு அருகே அங்கொடையில் 1926 இல் பெரிய உளநோய் வைத்தியசாலை அமைந்தது. 1905 இல் முழுமையடைந்திருந்த வடபகுதி இருப்புப்பாதை அதற்கு வழியாயிற்று. சாவகச்சேரி நிலையத்தில் வண்டியேறிய நோயாளி, ஏறத்தாழ நாடு முழுவதையும் கடந்து, தன் மொழி பேசாதார் பலர் நடுவே சேர்க்கப்பட்டார். 'அங்கொடை' என்னும் ஊர்ப்பெயரே நம்மிடையே வசைமொழியானதில் வியப்பில்லை. நோயாளி தாமே விரும்பிச் சேர்வதற்கு 1956 ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளித்தது. ஊராரின் நாவை அத்திருத்தம் எட்டவில்லை.

ஊரிலே பரிகாரியாரும், பார்வை பார்ப்போரும், நூல் கட்டுவோரும் இருந்தனர். இவற்றை மூடநம்பிக்கை எனத் தள்ளுதல் எளிது. தக்க சிகிச்சை இவற்றால் தாமதமானதும் உண்டு. எனினும், அங்கே நோயாளி உற்றார் நடுவிலேயே இருந்தான். பழியும் பேயின்மேல் விழுந்ததேயன்றிப் பிள்ளையின்மேல் விழவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

போர் இந்நிலையை மாற்றியது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தனர். பாடசாலைகளும் கோயில்களும் மரநிழல்களும் வீடுகளாயின. 2000 ஆம் ஆண்டில், அடைக்கலந் தந்த சாவகச்சேரியே ஏதிலியாயிற்று, நகரம் இடிபாடானது. 1987 இல் தொடங்கிய சாந்திகம் நிறுவனமும், தயா சோமசுந்தரம், சிவயோகன் ஆகிய மருத்துவர்களின் பணியும், 'மனவடு', 'உளவளத்துணை' முதலிய சொற்களை மக்களிடையே பரப்பின. எல்லார்க்கும் வந்த துயரமாதலின் அதனைச் சொல்ல எவரும் கூசவில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவும் 1998 இல் நீக்கப்பட்டது.

ஆயினும், ஷெல்வீச்சால் நெஞ்சம் உடைந்தவனுக்குக் கிடைத்த பரிவு, வெளிக்காரணம் எதுவுமின்றி மனச்சோர்வுற்ற மாணவனுக்குக் கிடைப்பதில்லை. கடும் உளநோய்கள் பல பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலுமே தலைகாட்டுவன. உயர்தரப் பரீட்சையும் பல்கலைக்கழக அனுமதியும் அலைக்கழிக்கும் பருவமும் அதுவே. 'படிக்கப் பஞ்சி' என்று சொல்லி வீட்டார் காலங்கடத்துவர். தமக்கையின் சம்பந்தம் குழம்பிவிடும் என்ற அச்சமும் சேரும். தெல்லிப்பழையில் உளநல விடுதி இருக்க, அறிந்தவர் கண்ணிற் படாத தூரத்து மருத்துவரைத் தேடுவோரும் உளர். அங்கொடைக்கு அன்று அனுப்பிய அதே தூரத்தை இன்று நாமே விலைகொடுத்து வாங்குகின்றோம்.

அங்கொடை வைத்தியசாலை தேசிய உளநல நிறுவனமாகியுள்ளது. அதன் உதவித் தொலைபேசி இலக்கம் 1926. வைத்தியசாலை அமைந்த ஆண்டும் அதுவே. எந்நேரமும் அழைக்கலாம். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவ்விலக்கத்தை அழைக்கும் பிள்ளை, அழைத்ததைத் தாயிடம் சொல்லத் துணிவது இன்னும் அரிதாகவே உள்ளது.