மலைச்சரிவில் ஒரு சந்திப்பு: அபிகாயிலின் துணிவு



1 சாமுவேல் 25-ஆம் அதிகாரத்தை ஞாயிறு பள்ளியில் கதையாகக் கேட்டிருக்கிறோம். இந்த ஆண்டுவிழா மலரில் அதைக் கொஞ்சம் வரலாறாகவும் பார்ப்போம்.

காலம் ஏறக்குறைய கி.மு. 1000-ஐ ஒட்டியது. இடம் எபிரோனுக்குத் தெற்கே உள்ள கர்மேல் என்னும் ஊர். எலியா பலியிட்ட கர்மேல் மலை வடக்கே கடலோரத்தில் இருக்கிறது, இது வேறு. அமலேக்கியரை வென்ற சவுல் தனக்கு ஜெயஸ்தம்பம் நாட்டியது இந்தக் கர்மேலில்தான். அங்கே 3000 ஆடுகளும் 1000 வெள்ளாடுகளும் வைத்திருந்த நாபால் ஆட்டுமயிர் கத்தரித்துக்கொண்டிருந்தான். அது விருந்தின் நாள். வனாந்தரத்தில் அவனுடைய மேய்ப்பரைக் காத்துவந்த தாவீது, கொஞ்சம் உணவு கேட்டு 10 வாலிபரை அனுப்பினான்.

நாபால் பயந்ததிலும் காரணம் இருந்திருக்கலாம். தாவீதுக்கு அப்பம் கொடுத்ததற்காக நோப் ஊரில் 85 ஆசாரியர் சவுலின் கட்டளையால் கொல்லப்பட்டிருந்தார்கள். ஆனால் அவன் மறுத்ததோடு நிற்கவில்லை. தாவீதை எஜமானை விட்டு ஓடிப்போன வேலைக்காரனைப்போல் இழிவாகப் பேசினான். தாவீது 400 பேரோடு பட்டயம் கட்டிப் புறப்பட்டான். விடிவதற்குள் அந்த வீட்டு ஆண்களில் ஒருவரும் மிஞ்சக்கூடாது என்பது அவன் எண்ணம்.

இருவரையும் அழைத்துப் பேசியிருக்கக்கூடிய சாமுவேல் இறந்துவிட்டதாக அதிகாரத்தின் முதல் வசனமே சொல்கிறது. இது நமக்குப் பழக்கமான நிலைமைதான். ஊரில் சண்டை வந்தால் பெரியப்பா ஒருவர் திண்ணையில் உட்காரவைத்துப் பேசித் தீர்ப்பார். இந்த நாட்டில் அந்தப் பெரியப்பா எங்கே?

பிள்ளைகளே, இங்கே ஒருவனைக் கவனியுங்கள். நடந்ததை அபிகாயிலிடம் ஓடிவந்து சொன்னவன் ஒரு வேலைக்காரன். எஜமானோடு பேசிப் பயனில்லை என்று அவனுக்குத் தெரியும். கேட்கும் காதுள்ளவர் யார் என்பதும் தெரியும். கூட்டாமலும் குறைக்காமலும், தாவீதின் ஆட்கள் செய்த நன்மையையும் சேர்த்தே சொன்னான். அவன் பெயர் எழுதப்படவில்லை. ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது இரண்டு குடும்பங்கள் இரண்டு மூலையில் நிற்பதைப் பெரியவர்களுக்கு முன்பே நீங்கள் கண்டுபிடித்துவிடுகிறீர்கள் அல்லவா? அந்த வேலைக்காரனின் இடம் அதுதான்.

அபிகாயில் 200 அப்பங்கள், சமைத்த 5 ஆடுகள், 200 அத்திப்பழ அடைகள் என்று கழுதைகளில் ஏற்றினாள். கணவனுக்குச் சொல்லவில்லை. முன்னே தாவீதின் பட்டயம், பின்னே சவுலின் கோபம். நோப் ஊரின் செய்தி அவளுக்கும் எட்டாமல் இருந்திருக்குமா? மலைச்சரிவில் தாவீதைச் சந்தித்தவுடன் இறங்கி விழுந்து, குற்றம் தன்மேல் இருக்கட்டும் என்றாள். தான் செய்யாத குற்றம்! நமக்கு இதுதான் மிகவும் கடினம். 'யார் முதலில் தொடங்கினது?' என்ற கேள்வியிலேயே நாம் வருஷக்கணக்காக நின்றுவிடுகிறோம்.

ஆனாலும் அவள் வெறுமனே கெஞ்சவில்லை. நாளைக்கு அரசனாகும்போது, காரணமில்லாமல் இரத்தம் சிந்தினோமே என்ற உறுத்தல் இருக்கக்கூடாது என்று தாவீதுக்கு நினைவுபடுத்தினாள். கோபத்தில் இருப்பவனுக்கு அவனுடைய நாளையைக் காட்டினாள். அனுப்புவதற்கு முன் ஒரு வாட்ஸ்அப் செய்தியை மறுபடி வாசிக்கச் சொல்லும் நல்ல சிநேகிதியைப்போல என்று வாலிபருக்குச் சொல்லலாம்.

தாவீது கேட்டான். ஒரு பெண்ணின் யோசனையால் தான் தடுக்கப்பட்டதை 400 பேருக்கு முன் ஒப்புக்கொண்டு, அவளையும் வாழ்த்தினான். அதற்கும் துணிவு வேண்டும்.

அவள் வீடு திரும்பியபோது நாபால் குடித்து வெறித்திருந்தான். காலைவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. எப்போது பேசக்கூடாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் சொன்ன நாளை எங்கே வந்தது? நாபால் காலேபின் வம்சத்தான். எபிரோன் காலேபுக்குச் சுதந்தரமாகக் கொடுக்கப்பட்ட ஊர். அந்த வம்சத்து வீடு ஒன்றின் ஆண்களையெல்லாம் வெட்டியவனை அந்த ஊர் எப்படி வரவேற்றிருக்கும்? சவுல் இறந்தபின் யூதா மனுஷர் தாவீதை ராஜாவாக அபிஷேகம்பண்ணியது எபிரோனில்தான். அங்கே அவன் 7 வருஷமும் 6 மாதமும் அரசாண்டான். அவனோடு அந்த ஊருக்குள் போனவர்களில் அபிகாயிலும் ஒருத்தி.