கதவுக்கு முட்டுக் கொடுத்த பரிசு

எங்கள் வீட்டு ரேழிக் கதவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சற்றுக் காற்றடித்தால் போதும், படாரென்று சாத்திக்கொள்ளும். அதற்கு ஒரு பழைய அம்மிக் குழவியை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம். அந்தக் குழவியைப் பார்க்கும்போதெல்லாம் ஜே பர்வாங்கர் என்ற அமெரிக்கரின் ஞாபகம் எனக்கு வரும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்பது நாம் காலால் உதைத்து ஆடும் பந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரியின் எல்லைக் கோட்டை நோக்கி ஓட வேண்டும். எதிர்க்கட்சியின் பதினோரு பேரும் மேலே விழுந்து அமுக்கப் பார்ப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் நடத்தும் இந்தச் சிறு யுத்தத்தைப் பார்க்க ஊரே திரண்டு வரும்.

1914-ஆம் ஆண்டு அயோவா மாகாணத்து டுபுக் நகரில் பிறந்த பர்வாங்கர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கல்லூரிச் சம்பளத்துக்கு உதவி கிடைத்தது. மற்றச் செலவுக்காகச் சாப்பாட்டு மேஜைகளில் பரிமாறினார். தேகப் பயிற்சிக் கூடத்தைச் சுத்தம் செய்தார். மூக்கு உடைந்திருந்தபடியால் முகத்தில் கவசம் மாட்டிக்கொண்டு ஆடினார்.

அவருடைய கட்சி ஒன்றும் பிரமாதமானதல்ல. ஓடுவது, எறிவது, உதைப்பது, எதிரியை மடக்குவது எல்லாவற்றுக்கும் அவரையே நம்பியிருந்தது. 1935-ல் ஒஹையோ ஸ்டேட் கட்சிக்கு எதிராக ஒரே ஓட்டத்தில் 85 கஜம் ஓடிக் கோட்டைத் தாண்டினார். அப்படியும் அன்று சிகாகோவுக்குத் தோல்விதான். அதற்கு முந்தின ஆண்டு மிச்சிகன் கட்சியில் அவரை மடக்கப் பாய்ந்த இளைஞன் ஒருவனுக்குக் கண்ணுக்குக் கீழே காயம் பட்டு, தழும்பு நிலைத்துவிட்டது. அந்த இளைஞன் ஜெரால்ட் ஃபோர்ட். 1974-ல் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர்!

1935-ன் இறுதியில் நியூயார்க் கிளப் ஒன்று, சிறந்த ஆட்டக்காரருக்கென்று புதிதாக ஏற்படுத்திய வெண்கலச் சிலையைப் பர்வாங்கருக்கு அளித்தது. பிற்பாடு 'ஹைஸ்மன் டிராஃபி' என்று பெயர் பெற்ற பரிசு அதுதான். 1936 பிப்ரவரியில், தொழில்முறைக் கட்சிகள் கல்லூரி வீரர்களைப் பங்கிட்டுக் கொள்ளும் முறை முதன்முதலாகத் தொடங்கியபோது, முதல் பெயரும் அவருடையதே.

ஆனால் அவர் போகவில்லை. உடனே அவரை மகானாக்கிவிட வேண்டாம். பணம் தூசு என்று அவர் சொல்லவில்லை, விலை சொன்னார். 'சிகாகோ பேர்ஸ்' கட்சியின் ஜார்ஜ் ஹாலஸுக்கு அது கட்டுபடியாகவில்லை. சரி என்று ரப்பர்க் கம்பெனி வேலைக்குப் போனார். பின்னாளில் சொந்தத் தொழில் நடத்தி நன்றாக வாழ்ந்தார். கூலிக்கு ஒரு பந்தயம்கூட ஆடியதில்லை.

அவர் போன பிறகு சிகாகோவின் கதி என்ன? 1939-ல் மிச்சிகனிடம் 85–0 என்று தோற்றது. படிப்பதற்கே பல்கலைக்கழகம் என்று நினைத்த தலைவர் ஹட்சின்ஸ், அந்த ஆண்டே ஆட்டத்தை எடுத்துவிட்டார். 1942 டிசம்பர் 2-ஆம் தேதி, வெறிச்சோடிய அந்த மைதானத்தின் மேற்குப் படிக்கட்டுகளுக்கு அடியில்தான், என்ரிகோ ஃபெர்மியும் சகாக்களும் அணுவைத் தொடர்ந்து பிளக்கும் சோதனையில் முதல் வெற்றி கண்டார்கள். நான் கதையில் இப்படி எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ஹட்சின்ஸின் கவலை நியாயமானதுதான். ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. பாடமும் படித்து, எச்சில் தட்டும் எடுத்து, ஆட்டமும் ஆடி, காலம் வந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு போன பிள்ளை பர்வாங்கர். ஹட்சின்ஸ் விரும்பிய மாணவன் அவரேயல்லவா? அப்படி இன்னொருவன் வருவதற்கிருந்த வழியையும் சேர்த்தே அடைத்துவிட்டார். 1969-ல் ஆட்டம் சிகாகோவுக்குத் திரும்பியது, அடக்கமாக, ஆரவாரமில்லாமல்.

அந்த வெண்கலச் சிலை? வைக்க இடமில்லாமல் அத்தை வீட்டில் விட்டு வைத்தார். அந்த அம்மாள் அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்! பிறகுதான் அது பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2002-ல், 88-வது வயதில், பர்வாங்கர் காலமானார்.

அத்தையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எங்கள் ரேழிக் குழவியும் ஒரு காலத்தில் பதினைந்து பேருக்கு அரைத்துப் போட்டதுதான். இப்போது கதவைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகக் கிடக்கிறது.