பரமார்த்த குருவும் தமிழ் வகுப்பறையும்

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் கற்க வந்த ஐரோப்பியப் பாதிரிமார்களுக்குக் கிடைத்த இலக்கணங்கள் சூத்திர வடிவில் அமைந்து செய்யுள் மொழியையே விளக்கின. சந்தையிலும் வீட்டிலும் வழங்கிய பேச்சை அவற்றைக் கொண்டு மட்டும் கற்றுவிட இயலவில்லை. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் சபைப் பாதிரியார் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதியே எழுத்துப் பழகினார். எழுத்து கைவந்த பின்னும் ஓலைச்சுவடி எளிதில் வசப்படவில்லை. சுவடி எழுதுவோர் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை; சொற்களுக்கிடையே இடமும் விடுவதில்லை; எகர ஏகாரக் குறிகளுக்கும் ஒகர ஓகாரக் குறிகளுக்கும் வேறுபாடு இல்லை; ரகரமும் நெட்டெழுத்தைக் காட்டும் காலும் ஒரே வடிவின. ஆதலால் ‘கா’, ‘கர’, ‘கர்’ ஆகிய மூன்றும் ஏட்டில் ஒன்றுபோலவே தோன்றின. பொருள் தெரிந்தவரே பிழையின்றிப் படிக்க முடியும். படித்தால்தான் பொருள் தெரியும் என்ற நிலையில் இருந்த அயலவர் பிழைபடப் படித்ததில் வியப்பில்லை.

இந்த இடர்ப்பாட்டை நன்கு அறிந்தவர் வீரமாமுனிவர் எனப்படும் இத்தாலியக் கத்தோலிக்கத் துறவியான கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. செந்தமிழ் என்னும் இலக்கிய வழக்கினின்று வேறுபட்ட பொதுவழக்கான கொடுந்தமிழுக்கென்றே அவர் 1728இல் இலத்தீனில் இலக்கணம் இயற்றினார். லுத்தரன் சபையாரின் தமிழ் நடையை ‘வேதவிளக்கம்’ என்னும் நூலில் எள்ளி நகையாடியவரும் இவரே. ஆனால் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் தரங்கம்பாடியில் அச்சிட்டவர்கள் அந்தச் சபையாரே என்பது மொழிகற்றலின் வரலாற்றில் சுவையானதொரு முரண்.

இலக்கணம் விதிகளைத் தரும். படித்துப் பழகுவதற்கு உரைநடை வேண்டும். அந்தக் குறையை நிரப்ப, இலத்தீன் மொழிபெயர்ப்புடன் பெஸ்கி எழுதியதே பரமார்த்த குரு கதை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களும் அவர்களின் குருவும் ஆறு விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்துப் பார்க்கிறார்கள். கரையேறியதும், எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒருவரை ஆறு கொண்டுபோயிற்று என்று அழுகிறார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று விலைகொடுத்து வாங்குகிறார்கள். எண்ணத் தவறும் கதை இங்கிலாந்தின் காத்தம் ஊர் மூடர்களைப் பற்றியும் வழங்குவதால், இவை அனைத்தையும் பெஸ்கியே புனைந்தார் என்று கொள்வதற்கில்லை; கற்போருக்கு ஏற்ற நடையில் அவற்றைக் கோத்ததே அவருடைய திறன்.

இவற்றுள் குதிரைப் பயணக் கதை தனித்துக் கருதத்தக்கது. குருவின் தலைப்பாகை கீழே விழுந்தபோது, எடுக்கச் சொல்லவில்லை என்று சீடர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். விழுவதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று அவர் கடிந்துகொண்டதும் குதிரைச் சாணத்தையும் ஏந்திக்கொள்கிறார்கள். சினந்த குரு, எடுக்க வேண்டியவற்றை ஓலையில் வரிசையாக எழுதித் தருகிறார். பிறகு குருவே குழியில் விழ, ஓலையில் கண்டபடி ஆடைகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, ஓலையில் இடம்பெறாத குருவை வெற்றுடம்போடு விட்டுவிடுகிறார்கள். அவர் தம்மையும் அந்த ஓலையில் சேர்த்து எழுதிய பின்னரே கைகொடுக்கிறார்கள். சொல்லின் நேர்ப்பொருளை மட்டும் பற்றிக்கொண்டு இடமும் நோக்கமும் அறியாமல் நடப்பதே இச்சீடர்களின் மடமை. புதுமொழி கற்பவர் பட்டியலையும் விதியையும் நம்பிச் செய்யும் பிழையும் அதுவே. ஒரே தொடர்கள் சிறு மாறுதலோடு திரும்பத் திரும்ப வருவதால் வினைவடிவங்கள் மனத்தில் பதிகின்றன; நகைப்பு எழுந்தால் வாக்கியம் விளங்கிற்று என்பது உறுதி, எழாவிட்டால் பிழை எங்கோ உள்ளது.

பரமார்த்த குரு கதையைப் போலிக் குருமார் மீதான அங்கதமாகவே படிப்பவர்கள் உண்டு. அவ்வாசிப்பு முற்றிலும் தவறன்று. எனினும் நூலின் பயன்பாட்டு வரலாறு பாடநூல் என்ற கருத்துக்கே வலுச் சேர்க்கிறது. சென்னை அரசுப் பணியில் இருந்த பெஞ்சமின் பாபிங்டன் 1822இல் இலண்டனில் இதைத் தமிழ் மூலத்துடன் வெளியிட்டார். பிரெஞ்சுப் பாதிரியாரான அபே துபுவா 1826இல் பாரிசில் பிரெஞ்சில் வெளியிட்டார். பாபிங்டன் பதிப்பில் ஆங்கில மொழிபெயர்ப்பும் சொற்பட்டியலும் உள்ளன; அவற்றோடு, ஆறு கடக்கும் முதற்கதை சொல் சொல்லாகப் பகுக்கப்பட்டு இலக்கணமும் காட்டப்பட்டுள்ளது.