காங்கோ சதுக்கத்தின் ஞாயிற்றுக்கிழமைகள்



பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் வரும் நம் பெரியவர்கள் நயாகராவையும் சுதந்திர தேவி சிலையையும் தவறாமல் பார்த்துவிடுகிறார்கள். அடுத்த முறை தெற்குப் பக்கம் போக நேர்ந்தால், லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு பூங்காவுக்குப் போய் வாருங்கள். லூயி ஆம்ஸ்ட்ராங் பூங்கா என்று பெயர். நம் பூங்காவைப் போலவே அங்கும் நிழல் மரங்களும் நடைபாதையும் குளமும் உண்டு. ஆனால் அது உருவான கதையில், குடியிருப்போர் சங்கம் நடத்தும் நமக்குக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

பூங்காவின் ஒரு மூலையில் கல் பாவிய திடல் ஒன்று உள்ளது. அதுதான் காங்கோ சதுக்கம். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், 1724-ல் வந்த சட்டப்படி, அடிமைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. அந்த ஒரு நாளில் அவர்கள் ஊருக்கு வெளியே கூடினார்கள். காய்கறியும் பலகாரமும் விற்றார்கள். அப்படிச் சேர்த்த காசில் தங்கள் விடுதலையையே விலை கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. 1817-ல் நகர மன்றம், அடிமைகள் ஞாயிறு அன்று மட்டும், மேயர் குறிப்பிடும் இடத்தில் மட்டும், சூரியன் மறையும் வரை மட்டும் கூடலாம் என்று விதித்தது. கட்டுப்படுத்தப் போட்ட விதிதான். ஆனாலும் அந்த இடம் அவர்களுக்கென்று ஆகிவிட்டது.

அங்கே மேளம் ஒலித்தது. இது சாதாரண விஷயம் அல்ல. 1739-ல் தென் கரோலினாவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பிறகு, அங்கே அவர்கள் மேளம் கொட்டவே தடை வந்தது. மற்ற இடங்களிலும் மேளம் என்றாலே எஜமானர்களுக்குப் பயம். நியூ ஆர்லியன்ஸில் மட்டும் ஆப்பிரிக்கத் தாளம் வெட்டவெளியில், ஊரார் காது கேட்க, பல்லாண்டுகள் ஒலித்தது.

1819 பிப்ரவரியில் பெஞ்சமின் லாட்ரோப் என்ற கட்டடக் கலைஞர் அந்தப் பக்கம் போனார். வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்றக் கட்டடத்தில் பணியாற்றியவர். முதலில் சத்தத்தைக் கேட்டு, மரத் தரையில் குதிரைகள் மிதிக்கின்றன என்று நினைத்தாராம். போய்ப் பார்த்தால் ஐந்நூறு அறுநூறு பேர் வட்டம் வட்டமாக நின்று ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு முதியவர் மேளத்தின் மேல் கால் போட்டு உட்கார்ந்து கைகளால் வாசிக்கிறார். சுரைக்குடுவையில் செய்த தந்தி வாத்தியமும் இருந்தது. லாட்ரோப்புக்கு அந்த இசை துளியும் பிடிக்கவில்லை. இருந்தும் வாத்தியங்களைப் படமாக வரைந்து வைத்தார். இன்றைக்கு நமக்கு அது பெரிய சாட்சி. பிடிக்காததையும் பொறுமையாகக் குறித்து வைக்கும் ஆட்கள் ஊருக்கு ஒருவராவது வேண்டும் போலிருக்கிறது!

ஜாஸ் இசை இந்தத் திடலில்தான் பிறந்தது என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அவ்வளவு நேர்கோடு இல்லை. இந்தக் கூட்டங்கள் நின்று அரை நூற்றாண்டுக்குப் பிறகே ஜாஸ் வருகிறது. ஆனால் அந்தத் தாளம் திடலை ஒட்டிய ட்ரெமே பகுதியின் வீடுகளிலும் தெரு ஊர்வலங்களிலும் பேண்டு வாத்தியங்களிலும் தங்கியிருந்தது. அமெரிக்காவின் மிகப் பழைய கறுப்பினக் குடியிருப்புகளில் ஒன்று ட்ரெமே.

1893-ல் திடலின் பெயரை மாற்றினார்கள். அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலப் படைகளின் தளபதி போரிகார்டின் பெயர் சூட்டப்பட்டது. 1960-களில் இன்னும் பெரிய அடி விழுந்தது. கலை வளாகம் கட்டப்போகிறோம் என்று ட்ரெமேயின் நடுப்பகுதியில் தெருத் தெருவாக வீடுகளை இடித்தார்கள். அதே சமயம், அப்பகுதி மக்கள் திருவிழாக் கொண்டாடும் கிளேபோர்ன் சாலையில் வரிசையாக நின்ற ஓக் மரங்களை வெட்டி, நெடுஞ்சாலை மேம்பாலம் போட்டார்கள். இடித்த நிலம் வருடக்கணக்கில் சும்மா கிடந்தது.

1971-ல் ஆம்ஸ்ட்ராங் காலமான பிறகு, அந்த நிலம் அவர் பெயரில் பூங்காவாகி 1980-ல் திறக்கப்பட்டது. அவரோ, வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிக்கக் கூடாது என்ற மாநிலச் சட்டத்தால், ஏறக்குறைய பத்து ஆண்டுகள் சொந்த ஊரில் கச்சேரி செய்ய மறுத்து, 1965-ல்தான் திரும்பி வந்தவர். அவர் பிறந்த வீட்டையும் 1964-ல் இடித்துவிட்டார்கள். எலிசபெத் கேட்லெட் வடித்த அவருடைய சிலை மட்டும் பூங்காவில் கம்பீரமாக நிற்கிறது.

பூங்காவைச் சுற்றி இரும்பு வேலி, பூட்டும் வாயில்கள். நம் சங்கக் கூட்டத்திலும் பூங்கா என்று பேச்செடுத்தால் வேலியும், சாவி யாரிடம் என்பதும்தானே முதலில் வருகிறது? ட்ரெமேக்காரர்களுக்கு அந்த வேலி வேறு மாதிரி தெரிந்தது. தங்கள் வீடுகள் இருந்த மண்ணுக்குள் போக, வாயில் திறக்கும் வரை அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் அவர்கள் விட்டுவிடவில்லை. 1970-ல் புகழ்பெற்ற நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் விழாவின் முதல் ஆண்டு நடந்ததே காங்கோ சதுக்கத்தில்தான். மஹாலியா ஜாக்சனும் டியூக் எலிங்டனும் வந்தார்கள். கேட்க வந்தவர்களைவிட வாசிக்க வந்தவர்கள் அதிகம்! 2011-ல் காங்கோ சதுக்கம் என்ற பெயர் அதிகாரபூர்வமாகத் திரும்பியது. 2005-ன் கத்ரீனா புயலில் பாழான பக்கத்து அரங்கத்துக்குள் மாநகராட்சி அலுவலகத்தைக் கொண்டுவர 2021-ல் ஒரு திட்டம் வந்தது. அக்கம்பக்கத்தார் மேளம் கொட்டி ஊர்வலம் போனார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

நீங்கள் போவதானால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் போங்கள். பிரெஞ்சு குவார்ட்டருக்கு எதிரே, ராம்பார்ட் தெருவைத் தாண்டினால் வாயில். ஓக் மர நிழலில் வட்டமாக உட்கார்ந்து மேளம் வாசிக்கிறார்கள். பார்க்கக் கட்டணம் எதுவும் இல்லை.