மழையும் ஒரு படைக்கலம்

மழையை வரமென்று வணங்கிப் பழகியவர்கள் நாம். அது போர்க்கருவியாக ஏவப்பட்டதும் உண்டு.

வியட்நாம் போரில், 1967 மார்ச் முதல் 1972 ஜூலை வரை, அமெரிக்க விமானங்கள் லாவோஸ் முதலிய பகுதிகளின் மேகங்களில் வெள்ளி அயோடைடு தூவின. பருவமழையை நீட்டித்து, ஹோ சி மின் பாதையைச் சேறாக்கி, வட வியட்நாமியரின் வண்டிகளைத் தடுப்பதே நோக்கம். 2,600 தடவைக்கு மேல் விமானங்கள் பறந்தன. 'பாப்பாய்' எனும் அந்த மறைவுத் திட்டம் 1971-இல் நாளிதழில் கசிந்தது. 1974-இல் அமெரிக்க செனட் விசாரணையில் உறுதியாயிற்று.

இதன் எதிரொலியாகவே, பகைநோக்குடன் இயற்கைச் சூழலை மாற்றுவதைத் தடைசெய்யும் உடன்படிக்கையை 1976 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. 1978 அக்டோபர் 5-இல் அது நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் இந்தியாவும் இணைந்தது.

அமைதிப் பணிக்கான செயற்கை மழைக்கு அதில் தடையில்லை. போரிலும், விளைவு பரவலானதாகவோ, நெடுநாள் நீடிப்பதாகவோ, கடுமையானதாகவோ இருந்தாலன்றித் தடை செல்லாது. நீடிப்பு என்பதற்குச் சில மாதங்கள், அல்லது ஏறத்தாழ ஒரு பருவம் என்று பொருள் கொள்ளப்பட்டது.

இங்கேதான் நம் ஐயம் எழுகிறது. லாவோசில் எவ்வளவு மழை கூடியது என்பதை மேகத்தில் விதைத்தவர்களாலேயே திட்டமாகச் சொல்ல இயலவில்லை. வானம் தந்தது எது, விமானம் தந்தது எது என்று நனைந்தவர் எங்ஙனம் மெய்ப்பிப்பார்?