வரப்பை விட்டு இறங்காத டீச்சர்

தாட்சாயணி வேலாயுதன் என்ற பெயரைச் சொன்னால் நம் தோழர்கள் ஒரே ஒரு வரியைத்தான் நினைவுபடுத்துகிறார்கள்: அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்ற ஒரே தலித் பெண். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். நமக்குப் போதாது. சபைக்குப் போவதற்கு முன்னால், 1935 முதல் 1945 வரை, அவர் கொச்சி சமஸ்தானத்தின் அரசுப் பள்ளிகளில் டீச்சராக இருந்தார். அந்தப் பத்தாண்டுகளைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. 1912இல் பிறந்த அவர் நமக்குப் பாட்டி முறை ஆக வேண்டும். ஒரு டீச்சர் பாட்டியின் கதையாகவே இதைப் பேசுவோம்.

அவர் பிறந்தது எர்ணாகுளத்தை ஒட்டிய காயலில் உள்ள முளவுகாடு தீவு, புலையர் குடும்பம். அவருடைய பெயரே அன்றைக்கு ஒரு மீறல். புலையப் பெண் குழந்தைகளுக்கு அழகி, சக்கி, காளி, குறும்பா என்றுதான் பெயர் வைப்பார்கள். தாட்சாயணி என்பது உயர்சாதி வீடுகளில் புழங்கிய பெயர். அதைத் தங்கள் மகளுக்கு வைத்த பெற்றோர், பள்ளிக்கூடம் வருவதற்கு முன்பே ஒரு பாடத்தைத் தொடங்கிவிட்டார்கள். புலையப் பெண்கள் மார்பை மறைக்கத் துணி போடக் கூடாது என்ற வழக்கமும் அப்போது இருந்தது. அதை மீறி மேலாடை அணிந்து வளர்ந்த முதல் தலைமுறைப் பெண்களில் அவரும் ஒருவர்.

அவர் கைக்குழந்தையாக இருந்த 1913இல்தான் புகழ்பெற்ற காயல் மாநாடு நடந்தது. எர்ணாகுளத்தில் புலையர்கள் கூட்டம் போட நிலம் கிடையாது. தரையில் கூடினால்தானே தடை? அவர்கள் காயலுக்குப் போனார்கள். படகுகளை ஒன்றோடொன்று கட்டி, மேலே பலகை பரப்பி, தண்ணீரின் மேல் கூட்டம் நடத்தினார்கள். அந்த இயக்கத்தில் தாட்சாயணியின் குடும்பத்தாருக்கும் பங்குண்டு. தெற்கே திருவிதாங்கூரில் அய்யன்காளி இதே காலத்தில் பள்ளிக்கூடக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். பஞ்சமி என்ற சிறுமியை அவர் ஊரூட்டம்பலம் பள்ளிக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனதற்காக, சாதி இந்துக்கள் அந்தப் பள்ளியையே கொளுத்தினார்கள். ஒரு தலித் பெண் குழந்தை பள்ளிக்குள் நுழைந்தால் கட்டடத்தையே எரிக்கலாம் என்று நினைத்த காலம் அது. அந்தக் காலத்தில்தான் இன்னொரு பெண் குழந்தை படித்து முடித்து, அதே போன்ற பள்ளிகளில் டீச்சராக வந்து நிற்கிறாள்.

இடையில் கல்லூரி. சமஸ்தானம் தந்த உதவித்தொகையில் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்தார். சோதனைக் கூடத்தில் உயர்சாதி ஆசிரியர் அவருக்குச் செய்முறையைக் காட்ட மாட்டார். தள்ளி நின்று பார்த்தே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படியே கற்று 1935இல் பட்டம் வாங்கினார். இந்தியாவிலேயே பட்டம் பெற்ற முதல் தலித் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். ஆசிரியர் பயிற்சியைப் பிறகு மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் கீழ் முடித்தார்.

முதல் வேலை திருச்சூர் பக்கம் பெரிங்ஙோட்டுக்கரை என்ற கிராமத்தில். சுற்றிலும் வயல்கள். ஒருநாள் வரப்பில் நடந்து போகும்போது எதிரே ஒரு நாயர் பெண் வருகிறார். புலையர்கள் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த நாடு. வயலில் இறங்கி எனக்கு வழி விடு என்கிறார் அந்தப் பெண். டீச்சர் இறங்கவில்லை. அப்படியே நின்றார். கடைசியில் வயலில் இறங்கிக் கடந்து போனது அந்த நாயர் பெண்தான்.

இதைத் தனி ஒருவரின் துணிச்சல் கதையாக மட்டும் படித்துவிடக் கூடாது. அன்றைய புலையர்களில் பெரும்பாலோர் அடுத்தவர் நிலத்தில் உழைத்த கூலிகள். அவர்கள் குடிசை நின்ற இடமும் ஜன்மியுடையது. வரப்பில் இறங்க மறுத்தால் அன்று மாலையே கூலி போகும், குடிசை போகும். தாட்சாயணி டீச்சருக்குச் சம்பளம் தந்தது அரசு. அவர் வரப்பில் நின்றபோது காலுக்குக் கீழே அந்தச் சம்பளமும் இருந்தது. சுயமரியாதைக்கு நெஞ்சுரம் வேண்டும். மாதச் சம்பளமும் வேண்டும். ஒரு கிராமத்துப் பள்ளி வேலை நம் மக்களுக்கு என்ன தந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

1945இல் கொச்சி சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு மெட்ராஸ் மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வானார். அப்போது வயது 34. அந்தச் சபையில் அவர் பேசியவற்றை டீச்சரின் குரலாகக் கேட்டால் பல விஷயங்கள் புரியும். 1948 நவம்பர் 29 அன்று தீண்டாமை ஒழிப்புப் பிரிவு விவாதத்துக்கு வந்தது. இன்றைய 17ஆவது பிரிவு அது. சட்டப் புத்தகத்தில் எழுதிவிட்டால் மட்டும் போதாது, மக்கள் நடந்துகொள்ளும் விதத்தில்தான் அதன் வெற்றி இருக்கிறது, அரசு அதற்காகப் பிரச்சாரம் செய்ய வேண்டும் என்று அவர் வாதாடினார்.

ஓரிடத்தில் அவரோடு நாம் முரண்படுகிறோம். அதை மறைக்கத் தேவையில்லை. அவர் காந்தியிடம் நெருக்கமாக இருந்தவர். 1940இல் அவருடைய திருமணமே சேவாகிராமத்தில் காந்தி முன்னிலையில்தான் நடந்தது. தனித்தொகுதியை அவர் எதிர்த்தார். பட்டியல் சாதியினர் பொருளாதாரத்தில் அடிமைகளாக இருக்கும்வரை எந்த வகைத் தொகுதியாலும் பயனில்லை என்று 1947 ஆகஸ்டில் சபையில் சொன்னார். அதன் முதல் பாதியை நாம் ஏற்கிறோம். வரப்பில் நின்றவருக்கு அது பட்டறிவு. ஆனால் அதிகாரத்தில் பங்கில்லாமல் நிலமும் வேலையும் யார் தருவார்கள்? இந்தக் கேள்வியில் நாம் அம்பேத்கர் பக்கம். பாட்டியோடு பேரப்பிள்ளைகள் வாதாடலாம். அவர் நின்ற இடத்தில் நின்று பார்த்துவிட்டு வாதாட வேண்டும், அவ்வளவுதான்.

அரசியலுக்குப் போன பிறகும் அவருக்குள் இருந்த டீச்சர் ஓய்வெடுக்கவில்லை. 1977இல் டெல்லியில் மகிளா ஜாக்ரிதி பரிஷத் என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். 1978 ஜூலையில் இறந்தார். கேரள அரசு 2019இல் அவர் பெயரில் ஒரு விருதை அறிவித்தது.

அந்த வரப்பு இன்னும் அழியவில்லை, தோழர்களே. பல இடங்களில் அது பள்ளிக்குள்ளேயே ஓடுகிறது. 2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில், தலித் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று சாதி இந்துக்கள் அரசுப் பள்ளியை மறித்தார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்த மாணவர்களே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கயிற்றை அறுக்க அரசாணை உதவும். அந்தக் கயிறு எதைச் சொல்கிறது என்று வகுப்பில் பேச ஒரு டீச்சர் வேண்டும். சட்டம் மட்டும் போதாது என்று 1948இல் அவர் சொன்னது இதைத்தான்.

நம் ஒவ்வொரு சேரியிலும், காலனியிலும் ஒரு டீச்சர் பாட்டி இருப்பார். முதன்முதலில் மாதச் சம்பளம் வாங்கியவர். ஊர்த் தெருவில் செருப்போடு நடந்தவர். நம் அப்பாவுக்கும் அத்தைக்கும் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர். அவர்களைப் பற்றி எந்தச் சபைக் குறிப்பிலும் ஒரு வரியும் இருக்காது. இந்த விடுமுறையில் போய் உட்காருங்கள். எந்தப் பள்ளி, எந்த ஆண்டு, தண்ணீர் எங்கே குடித்தீர்கள், நாற்காலி கொடுத்தார்களா, யார் எதிரே வந்தபோது இறங்கவில்லை என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் மொழியிலேயே எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டிய வரலாறு இது.