'டப்புனு முடிச்சுட்டாரே!' - பொன்னியின் செல்வன் 5-ம் பாகத்துக்கு வாசகர்கள் போட்ட சண்டையும் கல்கி சொன்ன பதிலும்

கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின். தண்டையார்பேட்டை தாண்டியதும் எதிர் சீட்டில் இருந்த தம்பி போனை மடியில் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். எண்ணூர் பக்கம் ஷிஃப்ட்டுக்குப் போகிற யூனிஃபார்ம். 'என்னாச்சு தம்பி?'னு கேட்டதுதான் தாமதம்.

"பொன்னியின் செல்வன்க்கா. மூணு மாசமா ட்ரெயின்லயே படிச்சேன். இப்பதான் முடிஞ்சுது. இன்னாக்கா இது... கொன்னவன் யாருன்னே சொல்லாம டப்புனு முடிச்சுட்டாரு?"

சிரிப்புதான் வந்தது. ஏன்னா, இதே கேள்வியை 1954-லயே கல்கியிடம் கேட்டுவிட்டார்கள். அவரும் பதில் சொல்லியிருக்கிறார். ஆனால், படித்து முடித்த பலபேர் அந்தப் பதிலைப் படிக்காமலேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

(ஸ்பாய்லர் அலர்ட்: இனி வருவதில் கதையின் முடிவும் இருக்கிறது. இன்னும் படிக்காதவர்கள் புக்மார்க் செய்துவிட்டு அப்புறம் வாங்க!)

மூன்றரை வருஷ காத்திருப்பு

முதலில் கொஞ்சம் பின்னணி. 'கல்கி' வார இதழில் 1950 அக்டோபர் 29-ல் தொடங்கிய தொடர், 1954 மே 16-ல் முடிந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என 5 பாகங்கள். மொத்தம் 293 அத்தியாயங்கள். இதில் கடைசிப் பாகம் மட்டுமே 91. அதாவது, கதையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

இப்போது நாம் ஒரு சீரிஸை ஒரே ராத்திரியில் பார்த்து முடிக்கிறோம். அன்றைக்கு ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அடுத்த வாரம் வரை காத்திருக்கணும். வீட்டில் யார் முதலில் படிப்பது என்று சண்டை. மணியம் வரைந்த குந்தவையையும் நந்தினியையும் வெட்டி எடுத்து பைண்டிங் செய்து வைத்த வீடுகள் இன்றைக்கும் உண்டு. வால்நட்சத்திரம், குடந்தை ஜோசியர், சுரங்கப்பாதை, பாதாளப் பொக்கிஷ நிலவறை, காளாமுகர்கள், ஆவி போல வந்து போகிற ஊமை ராணி... பெயருக்குச் சரித்திர நாவல் என்றாலும், மூன்று தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகளின் ஃபேன்டஸி பசிக்குத் தீனி போட்டது இதுதான்.

அப்படிக் காத்திருந்தவர்களுக்கு 5-ம் பாகம் என்ன கொடுத்தது? அங்கேதான் பிரச்னை ஆரம்பம்.

வாசகர்களின் 3 பெரிய புகார்கள்

1. கரிகாலனைக் கொன்றது யார்?

கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் சாகிறான். அந்த நேரத்தில் அங்கே இருள். பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. மணிமேகலை 'நான்தான் கொன்றேன்' என்கிறாள். பெரிய பழுவேட்டரையரும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். நந்தினி இருக்கிறாள், ரவிதாஸன் கூட்டம் இருக்கிறது. இத்தனை பேரையும் அந்த மாளிகையில் நிறுத்திவிட்டு, 'இவர்தான்' என்று கல்கி கையைக் காட்டவே இல்லை.

2. சேந்தன் அமுதன் எப்படி ராஜா ஆனான்?

பூக்கூடையோடு கோயில் கோயிலாகச் சுற்றிய பையன்தான் நிஜமான மதுராந்தகன், செம்பியன் மாதேவியின் பிள்ளை என்கிற ட்விஸ்ட். அருள்மொழி தன் தலைக்கு வந்த கிரீடத்தை அவன் தலையில் வைத்துவிடுகிறான். ஓடம் ஓட்டிய பூங்குழலி சோழ நாட்டு ராணி ஆகிறாள். சிலருக்குப் புல்லரிப்பு, சிலருக்கு 'இது கொஞ்சம் ஓவர்'.

3. மத்தவங்க என்ன ஆனாங்க?

கடைசி அத்தியாயத்தின் பெயர் 'மலர் உதிர்ந்தது'. மணிமேகலையின் சாவோடு திரை விழுகிறது. குந்தவை - வந்தியத்தேவன் கல்யாணம் நடந்ததா? வானதி என்ன ஆனாள்? எதுவும் கதைக்குள் இல்லை. மூன்றரை வருஷம் கூடவே நடந்தவர்களுக்கு வாசல் வரை வந்து வழியனுப்பாத மாதிரி ஒரு வருத்தம்.

கல்கி என்ன பதில் சொன்னார்?

கடிதங்கள் வந்தன. கல்கி அதை மறைக்கவில்லை. நாவலின் இறுதியில் ஒரு முடிவுரை எழுதி, வாசகர்கள் கேட்கிறார்கள் என்று அவரே சொல்லி, பதிலும் கொடுத்தார். நிறைய பேர் ஸ்க்ரோல் செய்து தாண்டிவிடுகிற பகுதி இதுதான்.

அவர் வாதத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி: முழுக்கக் கற்பனையில் எழுதிய கதை என்றால் எல்லா முடிச்சையும் அவிழ்த்து, சுபம் போட்டுவிடலாம். சரித்திரக் கதை அப்படி இல்லை. அதில் வருகிறவர்கள் கதை முடிந்த பிறகும் வாழ்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், சாகிறார்கள். எங்கேயாவது ஓர் இடத்தில் நிறுத்தித்தான் ஆகணும். தன் கதைக்கு உச்சம், அருள்மொழி கிரீடத்தை விட்டுக்கொடுத்த இடம்தான். அதனால் அங்கேயே முடித்தேன் என்கிறார். பாகத்தின் பெயரே 'தியாக சிகரம்' இல்லையா? சிகரத்துக்கு மேல் ஏற இடம் கிடையாது.

அதோடு விட்டுவிடாமல், முக்கியமான பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கையையும் சுருக்கமாகச் சொல்கிறார். குந்தவை - வந்தியத்தேவன் கல்யாணம் நடந்தது என்கிற நிம்மதியும் அங்கேதான் கிடைக்கிறது. மீதிக் கதைகளைத் தன்னைவிடத் திறமையான எழுத்தாளர்கள் எழுதலாம் என்றும் வழிவிடுகிறார்.

இதில் மனசைப் பிசைகிற விஷயம் ஒன்று உண்டு. தொடர் முடிந்த 7 மாசத்துக்குள், 1954 டிசம்பர் 5-ல் கல்கி காலமானார். வயது 55. அந்த வாசகர்களுக்கு அவர் சொல்ல நினைத்ததெல்லாம் அந்தச் சில பக்கங்களில்தான் இருக்கிறது. 'அடுத்த பாகம் எப்போ?' என்று கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

ஆனாலும், வாசகர்களும் எழுத்தாளர்களும் விடவில்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். பின்னாளில் பாலகுமாரன் ராஜராஜனை வைத்து 'உடையார்' எழுதினார். ஒரு முடிவு பிடிக்கவில்லை என்றால் நாமே தொடர்ந்து எழுதிவிடலாம் என்கிற ஃபேன் ஃபிக்‌ஷன் மனசு நமக்குப் புதுசு இல்லை!

கொலையாளியைச் சொல்லாததற்கு ஒரு கல் காரணம்

சரி, கொலை விஷயத்தில் மட்டும் கல்கி ஏன் நழுவினார்? காரணம் காட்டுமன்னார்கோயிலில் இருக்கிறது. அங்கே அனந்தீஸ்வரர் கோயிலில் உள்ள உடையார்குடி கல்வெட்டு, ராஜராஜனின் 2-ம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்களைச் சேர்ந்தவர்களின் சொத்து பறிக்கப்பட்டதைப் பேசுகிறது.

இடிக்கிற இடம் இதுதான். கரிகாலன் இறந்த பிறகு உத்தம சோழன் பல வருஷம் ஆண்டார். ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985-ல். அப்படியென்றால், இடைப்பட்ட காலத்தில் ஏன் இந்த நடவடிக்கை முடியவில்லை? இதை வைத்து வரலாற்று அறிஞர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மீதே சந்தேகப்பட்டார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் அதை மறுத்தார்கள்.

இப்போது 5-ம் பாகத்தை மறுபடி யோசித்துப் பாருங்கள். சிம்மாசனத்துக்கு ஆசைப்பட்ட மதுராந்தகன் ஒருத்தன், கிரீடமே வேண்டாம் என்ற சேந்தன் அமுதன் இன்னொருத்தன். சரித்திரத்தில் சந்தேகத்துக்கு ஆளான ஒரே ராஜாவைக் கல்கி இரண்டு ஆளாகப் பிரித்துவிட்டார். ஆசை ஒரு பக்கம் போய்விட்டது, அரியணை ஏறியவன் அப்பாவி ஆகிவிட்டான். 'ஓவர் ட்விஸ்ட்' என்று நாம் திட்டுகிற இடம், என் பார்வையில், ஆயிரம் வருஷப் பழி ஒன்றுக்குக் கல்கி எழுதிய தீர்ப்பு. ஆதாரம் இல்லாமல் ஒருத்தர் மேல் கொலைப்பழி போட அவருக்கு மனசு வரவில்லை என்றே படுகிறது.

PS-2 வந்தபோது மறுபடியும் அதே பஞ்சாயத்து

மணிரத்னத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-ல் வந்தது, இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-ல். முதல் பாகத்துக்குக் கைதட்டிய புத்தக ரசிகர்களில் பலர் இரண்டாவதில் சிணுங்கினார்கள். மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. சேந்தன் அமுதன் இருக்கிறான், ஆனால் அந்த ஆள்மாறாட்ட ட்விஸ்ட் இல்லை. ரஹ்மான் நடித்த மதுராந்தகனுக்கே முடி சூட்டப்படுகிறது.

படிக்காமல் போனவர்களோ விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் நேருக்கு நேர் நிற்கிற அந்த ஒரு காட்சிக்கே டிக்கெட் காசு சரியாப்போச்சு என்றார்கள். இரண்டு தரப்பும் சரிதான். 91 அத்தியாயத்தை மூன்று மணி நேரத்துக்குள் அடக்கணும்னா எதையாவது வெட்டித்தான் ஆகணும். ஆனால், சேந்தன் அமுதனை வெட்டும்போது கூடவே உத்தம சோழனுக்கு எழுதிய அந்தத் தீர்ப்பும் போய்விடுகிறது. அதுதான் இழப்பு.

நம்ம ஏரியாவுக்கு என்ன சம்பந்தம்?

'அதெல்லாம் தஞ்சாவூர் கதை, நமக்கு இன்னா?' என்கிறீர்களா? இரண்டு விஷயம்.

ஒன்று, கடல். 5-ம் பாகத்தில் நாகப்பட்டினத்தில் கடல் பொங்கி ஊருக்குள் வருகிற அத்தியாயம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த காசிமேடு, எண்ணூர் ஆட்களால் அதை வெறும் சாகசமாகப் படிக்க முடியாது. சுனாமிக்கு 50 வருஷம் முன்னால் எழுதியது அது. பூங்குழலி ஓடத்தைத் தள்ளுகிற இடங்களையும் கடலில் போய் வருகிறவர்கள் வீட்டில் வாசித்துக் காட்டுங்கள், அவர்கள் ரியாக்‌ஷனே வேற.

இன்னொன்று, திருவொற்றியூர். மெட்ரோவில் தேரடியில் இறங்கினால் தியாகராஜர் கோயில் பக்கம்தான். இங்கே ஆதிபுரீஸ்வரர் விமானம் ராஜேந்திர சோழன் காலத்தில், அதாவது நம்ம அருள்மொழியின் மகன் காலத்தில் எழுந்தது. அதற்கும் முந்தைய கல்வெட்டு ஒன்று சதுரானன பண்டிதரைப் பற்றிச் சொல்கிறது. கேரளத்தில் பிறந்தவர். சுந்தர சோழனின் பெரியப்பா ராஜாதித்தனிடம் படைத்தலைவராக இருந்தவர். 949-ல் தக்கோலம் போரில் ராஜாதித்தன் யானை மேலேயே இறந்தபோது இவர் பக்கத்தில் இல்லை. கூடவே சாகவில்லையே என்கிற துக்கத்தில் துறவியாகி, திருவொற்றியூர் மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

கல்கி எழுதாமல் விட்ட கதைகளில் இதுவும் ஒன்று. சோழர் கதையின் ஒரு துண்டு, நாம் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற கோயில் சுவரில் இருக்கிறது.

படிக்கப் போறீங்களா? 4 டிப்ஸ்

* கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. மதுரைத் திட்டம் இணையதளத்தில் 5 பாகமும் இலவசம். போனிலேயே படிக்கலாம்.
* ஒரு நாளைக்கு 3 அத்தியாயம் என்றால், சுமார் 100 நாளில் முடித்துவிடலாம்.
* 'மலர் உதிர்ந்தது' முடிந்ததும் மூடிவிடாதீர்கள். முடிவுரை வரை போங்கள்.
* படம் பார்த்துவிட்டுப் படிப்பவர்கள் 5-ம் பாகத்தைப் புதுக் கதையாகவே நினைத்துப் படியுங்கள். பாதிக்கு மேல் நீங்கள் பார்க்காததுதான்.

ட்ரெயின் தம்பியிடம் முடிவுரை விஷயத்தைச் சொன்னேன். "அப்போ இன்னும் முடியலையாக்கா?" என்று போனை மறுபடி எடுத்தார். விம்கோ நகரில் நான் இறங்கும்போது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.